கண் பார்க்கும் சொல், டிக்ஷனரி பார்க்கும் சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். சொற்களையும், அவை பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்பதையும் ஒரு ஃபைலிலிருந்து படித்து, சொல் கீ, வகை அதன் மதிப்பு என்று டிக்ஷனரியில் வைத்திருக்கிறேன். ஒரு கட்டுரையைக் கொடுத்தால் எது எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும். சோதனைக்கு, ஃபைலில் உள்ள நாலைந்து சொற்களையே டைப் செய்து கொடுத்தேன். 'கொடு' வந்ததும், அப்படி ஒரு கீ இல்லை என்று கீஎர்ரர் காட்டி நின்றுவிட்டது. ஃபைலைத் திறந்து பார்த்தால் அந்தச் சொல் இருக்கிறது! சதுர அடைப்புக்குறியை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் கெட் போடு என்றார் நண்பர். எர்ரர் போய்விட்டது. ஆனால் முழுக் கட்டுரையை ஓட்டினால் 'தெரியாதவை' கணக்கு ஏகத்துக்கு ஏறுகிறது. டிக்ஷனரியில் வரிசை நிற்காது, அதை நம்பாதே என்றும் சொன்னார். சரிதானா?

ர.

அன்புள்ள ர.,

வரிசையை முதலில் முடித்துவிடுகிறேன். நண்பர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. 2016 இறுதியில் வந்த பைத்தான் 3.6-இல் டிக்ஷனரியின் உள்ளமைப்பை மாற்றியபோது, போட்ட வரிசை அப்படியே நிற்க ஆரம்பித்தது. 2018-இல் வந்த 3.7 முதல் அது மொழியின் விதியாகிவிட்டது. இருக்கும் கீக்கு வேறு மதிப்பு கொடுத்தால் அதன் இடம் மாறாது. அழித்துவிட்டு மறுபடி போட்டால் கடைசிக்குப் போகும்.

இனி கெட். கீ இருந்தால் அதன் மதிப்பைத் தரும்; இல்லாவிட்டால் எர்ரர் காட்டாமல், நாம் இரண்டாவதாகக் கொடுத்ததைத் தரும். கெட் ஒன்றும் கெட்டதல்ல, ஆனால் 'எல்லா இடத்திலும்' என்பதை நான் ஏற்கமாட்டேன். கீ இல்லாமல் போவது சகஜம் என்று நீங்களே எதிர்பார்க்கும் இடத்துக்கு உரியது அது. சொற்களை எண்ணும்போது ஒவ்வொரு சொல்லும் முதல்முறை புதிதாகத்தான் வரும். அங்கே கெட்டுக்கு இரண்டாவதாக 0 கொடுத்து, கிடைத்ததோடு ஒன்றைக் கூட்டுவது சரி. (அதற்கென்றே கலெக்ஷன்ஸ் மாட்யூலில் கவுன்ட்டர் இருக்கிறது. இல்லாத சொல்லைக் கேட்டால் 0 என்று சொல்லும், சொல்லைச் சேர்த்துக்கொள்ளாது. டிஃபால்ட்டிக்ட் அப்படியல்ல; சதுர அடைப்புக்குறி போட்டுச் சும்மா கேட்டாலே ஒரு கீயை உண்டாக்கிவிடும்.)

உங்கள் சொற்பட்டியல் வேறு வகை. 'கொடுத்தான்' ஃபைலில் இல்லை, அது 'தெரியாதவை'யில் விழுவது நியாயம். 'கொடு' இருக்கிறது, அதுவும் அங்கேயே போய் விழுகிறது. கெட் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. கீஎர்ரர் உங்களைப் பிடித்து நிறுத்திய இடத்திலேயே தேடியிருந்தால் காரணம் அப்போதே கிடைத்திருக்கும்.

சரி, இருக்கிற சொல் ஏன் அகப்படவில்லை? டிக்ஷனரி சொல்லின் உருவத்தைப் பார்ப்பதில்லை. கீயிலிருந்து ஹேஷ் என்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அது காட்டும் இடத்துக்குப் போய், அங்கே இருப்பதும் கேட்டதும் சமமா என்று பார்க்கிறது. இரண்டு ஸ்ட்ரிங் சமம் என்றால் அவற்றின் யூனிகோட் குறியெண்கள் (ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் உரிய எண்கள்) ஒன்றுவிடாமல் ஒத்துப்போக வேண்டும். 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறியெண், அல்லது ககரத்துக்குப் பின் ஒற்றைக்கொம்பு, அப்புறம் துணைக்கால் என்று இரண்டு. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஃபைலில் இருக்கும் 'கொடு', நீங்கள் டைப் செய்த 'கொடு' இரண்டையும், குறியெண்கள் எத்தனை என்று சொல்லும் லென் ஃபங்ஷனிடம் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு 4, மற்றதற்கு 5 வந்தால் சந்தேகமே இல்லை. 'கோ' வரும் சொற்களிலும் இதே வில்லங்கம் உண்டு, அங்கே இரட்டைக்கொம்பு. (எண்களில் கதை நேர்மாறு: 1, 1.0, ட்ரூ மூன்றும் பார்க்க வேறு வேறு, டிக்ஷனரிக்கு ஒரே கீ.)

வைத்தியம் எளிது. யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதற்கு என்எஃப்சி என்ற வடிவத்தையும் சொல்லையும் கொடுத்தால், பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கித் தரும். டிக்ஷனரியில் போடும்போதும் செய்ய வேண்டும், தேடும்போதும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழைய கதைதான். அதனால் இதைச் சிறிய ஃபங்ஷனாக எழுதி இரண்டு இடத்திலும் அதையே கூப்பிடுங்கள்.

இதற்கு மசியாத சில உண்டு. 'கௌ'வை எழுதும்போது ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகரத்தையே தட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், நார்மலைஸ் அதைத் தொடாது. எழுத்துகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் அகலமில்லாத குறிகளையும் அது நீக்காது. சந்தேகப்படும் சொல்லை ஆஸ்கி ஃபங்ஷனில் போட்டால் உள்ளே இருக்கும் குறியெண்கள் வரிசையாக வெளியே வந்துவிடும்.

கெட்டை எடுத்துவிட்டு, இன் என்ற ஆபரேட்டரைப் போட்டுச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை ஒரு செட்டில் சேர்த்து, கடைசியில் அகர வரிசையில் அச்சிடுங்கள். விகுதி சேர்ந்தவற்றை விட்டுவிட்டு, ஃபைலில் இருந்தாக வேண்டிய சொற்கள் எவை என்று அதில் பாருங்கள். ஔகாரச் சொற்களாக நிறையத் தென்பட்டால், கோளாறு கட்டுரையைத் தட்டச்சு செய்த விதத்தில் இருக்கிறது. அந்த ளகரத்தை நீங்களே மாற்றினால்தான் உண்டு.