கட்டாருக்குப் போறதா, இங்கேயே இருக்கிறதா, தேவசித்தம் எது?

தம்பி, கல்லடியில வேலையும் இருக்கு கட்டார் விசாவும் வந்திட்டு, எது தேவசித்தம், அதாவது கடவுள்ட விருப்பம், எண்டு கேட்டிருக்கீங்க. கண்ண மூடி வேதத்தத் திறந்து விரல் வைக்கிறத முதல்ல விடுங்க. 1 தெசலோனிக்கேயர் 4:3, 5:18 வாசிங்க, பரிசுத்தமா இருக்கிறதும் எல்லாத்திலயும் ஸ்தோத்திரம் பண்றதும்தான் தேவசித்தம் எண்டு நேராவே கிடக்கு, எந்த நாடு எண்டு இல்ல. அப்போஸ்தலர் 16ல அப்போஸ்தலனாகிய பவுல் பித்தினியா எண்ட பகுதிக்குப் போகப் பாத்தார், ஆவியானவர் விடல்ல, பிறகு துரோவா பட்டணத்திலதான் மக்கெதோனியாவுக்கு வாங்க எண்டு ஒருத்தர் கூப்பிடுற தரிசனம் கிடைச்சது, அதுவரைக்கும் அவர் குந்திக்கொண்டு இருக்கல்ல, நடந்துகொண்டேதான் இருந்தார். நீங்களும் ஜெபம் பண்ணிட்டு ஏஜென்சி தந்த ஒப்பந்தத்த வரிவரியா வாசிங்க, மனிசியோட கதைங்க, பாஸ்டர்ட்டயும் கேளுங்க. பொய் சேர்ட்டிபிக்கட் குடுக்கச் சொன்னா அதுக்கு ஜெபமே தேவையில்ல, அது அவர்ட சித்தம் இல்ல. ரெண்டும் நேர்மையான வேலை எண்டா பயப்படாம நீங்களே முடிவெடுங்க.