இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது 1978இலா, 1986இலா?

இரண்டு ஆண்டுகளும் சொல்லப்படுவதற்குக் காரணம், கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் ஆய்வு அவர் வாழ்ந்த காலத்தில் ஏற்கப்படாமல் போனதுதான். எடின்பரோவில் 1967இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவருடைய முயற்சியால், இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்து 70 நாள்களே ஆகியிருந்த 1978 அக்டோபர் 3 அன்று, துர்கா எனப் பெயரிடப்பட்ட பெண்குழந்தை பிறந்தது.

அவர் கையாண்ட முறை இங்கிலாந்து முறையின் நகல் அன்று. லூயிஸின் பிறப்பைச் சாத்தியமாக்கிய எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் இயற்கையான மாதச் சுழற்சியில் முதிர்ந்த ஒற்றைக் கருமுட்டையை வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய்க்கருவி செலுத்தும் லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்தனர். முகோபாத்யாயோ ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை முதிரச் செய்து, யோனி வழியாக அவற்றை எடுத்து, உருவான கருவை உறையவைத்துப் பாதுகாத்து, பின்னொரு சுழற்சியில் கருப்பையில் வைத்தார். உறைகருவிலிருந்து குழந்தை பிறந்ததாக ஆஸ்திரேலியாவிலிருந்து அறிவிப்பு வந்ததே 1984இல்தான். இன்றைய கருத்தரிப்பு மையங்களில் அன்றாடம் நடப்பது பெரும்பாலும் அவர் சென்ற வழியே என்பது என் கருத்து.

மாநில அரசு அமைத்த குழு அவருடைய கூற்றை நம்பவில்லை. இனப்பெருக்க ஆய்வாளரான அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள் (இந்த விசித்திரத்துக்கு விளக்கம் தேவையில்லை). 1981 ஜூன் 19 அன்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986இல் மும்பையில் ஹர்ஷா பிறந்தபோது, அந்தக் குழந்தையே இந்தியாவின் முதலாவது எனப் பதிவாயிற்று. அப்பெருமைக்குரியவர்களுள் ஒருவரான டி. சி. ஆனந்தகுமாரே பின்னர் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகளை ஆராய்ந்து, முதலிடம் அவருக்கே உரியது என 1997இல் எழுதினார்.