சின்ன கேம் செய்பவர்களுக்கு: கேள்வி பதில்

ஓய்வு நேரத்தில் புரோகிராம் எழுதும் கொழும்புக்காரர்கள் திறந்த மூல மென்பொருள் (மூலக் கோடை யாரும் பார்த்து மாற்றக்கூடியது) பற்றியும் சின்னச் சின்ன கேம்கள் பற்றியும் கேட்டவற்றில் சில.

வெள்ளவத்தை மாணவர்: அண்ணா, ஓ/எல் எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்காதீங்க. நன்றாக எழுதிய சின்ன கேம் ஒன்றைப் பிரித்துப் பாருங்க. நான் முதலில் சொல்வது 2048, எண் கட்டைகளை நகர்த்திச் சேர்க்கும் கேம். இத்தாலியரான கப்ரியேலே சிருல்லி 2014 இல் வெளியிட்டது. எம்ஐடி லைசென்ஸ் என்பதால் தாராளமாக மாற்றலாம், லைசென்ஸ் குறிப்பை மட்டும் அழிக்கக் கூடாது. புதிய கட்டையைப் பலகையில் சேர்க்கும் கோடில் 0.9 என்றொரு எண் இருக்கும். பத்தில் ஒன்பது தடவை 2, மிச்சம் 4 என்பதுதான் அதன் பொருள். அதை 0.5 ஆக்கி விளையாடுங்க, கேமின் போக்கே மாறிவிடும். பிறகு 4×4 பலகையை 5×5 ஆக்கப் பாருங்க. ஜாவாஸ்கிரிப்டில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், ஆனால் திரை குழம்பிவிடும். கட்டங்கள், பக்கத்தின் அமைப்பையும் தோற்றத்தையும் சொல்லும் எச்டிஎம்எல்லிலும் சிஎஸ்எஸ்ஸிலும் தனியாக எழுதப்பட்டிருப்பதுதான் காரணம். அவற்றைத் தேடித் திருத்தும்போதுதான் கேமின் கட்டமைப்பு பிடிபடும்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை: பிள்ளைகளுக்காகப் பைதனில் சொல் விளையாட்டு செய்கிறேன். ‘கொழும்பு’ நான்கெழுத்து. புரோகிராம் எட்டு என்கிறது. ஏன்?

நல்ல கேள்வி டீச்சர். தமிழில் கேம் செய்யும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. எழுத்துக் குறிகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில், க, ம போன்ற அகர வரிசையைத் தவிர மற்ற உயிர்மெய்க்கும் புள்ளி வைத்த மெய்க்கும் தனி எண் கிடையாது. ‘கொ’ என்றால் ககரமும் ஒகரக் குறியும், ‘ம்’ என்றால் மகரமும் புள்ளியும். நான்கு எழுத்தும் இரண்டிரண்டு குறியாகச் சேமிக்கப்படுவதால் எட்டு. சொல்லை ஒவ்வொரு குறியாக வாசித்து, உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் முந்திய எழுத்தோடு ஒட்டுங்கள். பத்து வரிக்குள் முடிந்துவிடும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டுக்கும் தனி விதி வேண்டும்.

இதைவிட மோசமான சிக்கல் ஒன்றும் உண்டு. அதே ‘கொ’ சில கோப்புகளில் க, ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று துண்டாகவும் கிடக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் இரண்டும் வேறு. சரியாக எழுதிய பிள்ளைக்கு ‘பிழை’ என்று காட்டுவது பெரிய அநியாயம். ஒப்பிடுமுன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றுங்கள், பைதனிலேயே அதற்கு வசதி இருக்கிறது. சொற்பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

தெஹிவளை வாசகர்: பழைய லப்டொப், 4 ஜிபி ராம். கேம் செய்யும் மென்பொருளான கொடோ ஓடுமா?

ஓடும். புரொஜெக்ட் தொடங்கும்போது ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற ரெண்டரரை (திரையில் படம் வரையும் பகுதி) தேர்ந்தெடுங்கள். 2டி கேமுக்கு அதுவே தாராளம். பழைய மெஷின் என்று கொடோ 3 க்குப் போகச் சிலர் சொல்வார்கள். தமிழ் எழுத்து வரும் கேம் என்றால் நான் வேண்டாம் என்பேன். 3 இல் கொம்புகள் இடம் மாறி நிற்கும். 2023 இல் வந்த 4.0 இல்தான் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி சேர்ந்தது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். அதுவும் திறந்த உரிமம்தான்.

மருதானை வாசகர்: ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வந்த கேம் ஒன்றை மாற்றி விற்கலாமா?

விற்கலாம். வாங்குபவருக்கு மூலக் கோடையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். படம், இசைக்கு வேறு உரிமம் இருக்கக்கூடும். அதைத் தனியாகப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி வங்கி ஊழியர்: எனக்கு விளையாட மட்டும்தான் நேரம். விளம்பரம் இல்லாத கேம் எது?

சைமன் டாதமின் புதிர்த் தொகுப்பு. பஸ்ஸில் டேட்டா இல்லாமலும் ஓடும். அதிலுள்ள மைன்ஸை (மறைந்த கண்ணிகளைக் கண்டுபிடிக்கும் கேம்) மற்ற கண்ணி கேம்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் கட்டத்தைத் தொட்ட பிறகுதான் கண்ணிகளை வைக்கும், ஊகிக்காமலே தீர்க்க முடியுமா என்று தானே சோதித்துவிட்டுத்தான் பலகையைத் தரும். விளையாடுபவரை மதித்துச் செய்த கேம்.

வத்தளைத் தந்தை: மகன் இரவிரவாகக் கோட் எழுதி இலவசமாகக் கொடுக்கிறான். இதால் என்ன பிரயோசனம்?

ஐயா, 2004 சுனாமி அடித்த கையோடு நம் நாட்டு புரோகிராமர்கள் தொண்டாகச் சேர்ந்து ‘சஹானா’வை எழுதினார்கள். காணாமற்போனோரையும் முகாம்களையும் பதியும் மென்பொருள் அது. திறந்த மூலமாக விட்டதால் மற்ற நாடுகளும் பேரிடர்களில் எடுத்துப் பயன்படுத்தின. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டு சமூகப் பயன் விருதும் அதற்குத்தான். மகன் எழுதியதை ஒருநாள் பக்கத்தில் இருந்து காட்டச் சொல்லுங்கள். நேரத்துக்குத் தூங்கவும் சொல்லுங்கள்.