பாடசாலைக் கடிதத்தில் ஒரு சொல்

கேள்வி: என் மகன் தரம் 8 படிக்கிறான். அவனிடம் ‘இன்அப்ரோப்ரியட் பிஹேவியர்’ காணப்பட்டதாகப் பாடசாலையிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. கைப்பேசியில் போட்டுப் பார்த்தால் ‘தகாத நடத்தை’ என்று வருகிறது. மாமி அழுதபடி இருக்கிறார். இவனுடைய அப்பா இரண்டு நாளாக இவனோடு பேசவில்லை. மௌன அஞ்சலி நேரத்தில், கிரிக்கெட் மைதானத்தில் வாசிக்கும் பப்பரே தாளத்தை மேசையில் தட்டினேன், வேறொன்றும் செய்யவில்லை என்கிறான் மகன். அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகன் சொல்வது உண்மையென்றால், அந்த ஆங்கிலச் சொல் அவன் செய்ததற்குச் சரியாகவே பொருந்துகிறது. உங்கள் வீட்டைக் கலக்கியது அதன் தமிழாக்கம்தான்.

‘ப்ரோப்ரியுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு ‘தனக்கே உரியது’ என்று பொருள். சொத்தைக் குறிக்கும் ‘ப்ரொப்பர்ட்டி’யும் அங்கிருந்து வந்ததுதான். ஆக, ‘அப்ரோப்ரியட்’ என்றால் அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் உரியது. முன்னால் ‘இன்’ சேர்ந்தால் உரியதல்ல. காலிமுகத்திடலில் காற்று வாங்கப் போகும்போது ரப்பர் செருப்பு போட்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அதே செருப்போடு வங்கி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனால் அது இன்அப்ரோப்ரியட். பப்பரேயும் அப்படித்தான். பாடசாலைகள் மோதும் பிக் மேட்ச் கிரிக்கெட் நாளில் மைதானத்துக்கே அதுதான் உயிர். மௌன அஞ்சலியில் அதற்கு இடமில்லை.

‘தகாத’ என்பதும் ஒரு காலத்தில் இவ்வளவு சாதுவான சொல்தான். ‘தகு’ என்றால் பொருந்து. தகுதி, தக்க எல்லாம் அதன் பிள்ளைகள். ஆனால் ‘தகாத உறவு’, ‘தகாத வார்த்தை’ என்று பத்திரிகைகளில் படித்துப் படித்து அந்தச் சொல்லில் ஒரு கறை ஏறிவிட்டது. மாமியின் காதில் விழுந்தது அந்தக் கறைதான். ‘பொருத்தமற்ற நடத்தை’ என்று வாசித்திருந்தால் அவர் இப்படி அழுதிருக்கமாட்டார்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலத்திலும் இது மிக அகலமான சொல். வகுப்பில் அரட்டை அடித்தாலும் இதையே எழுதுவார்கள், ஒருவரை அவர் விரும்பாத விதமாகத் தொட்டாலும் இதையே எழுதுவார்கள். ஆபாசம் என்று நேரே சொல்ல ‘இன்டீசன்ட்’ என்ற தனிச் சொல் இருந்தும், நாசூக்குக்காக அந்த இடத்திலும் இதைப் போட்டுவிடுகிறார்கள். அதனால் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. பிள்ளை என்ன செய்தான் என்று எழுதாமல் இப்படி ஒரு சொல்லை மட்டும் வீட்டுக்கு அனுப்புவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். வகுப்பாசிரியையைச் சந்தித்து, “என்ன நடந்தது, எப்போது, எங்கே?” என்று தமிழிலேயே கேளுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. தாளம் தட்டியதுதான் விஷயம் என்றால், மகன் போய் ஒரு மன்னிப்புக் கேட்கட்டும், போதும்.

அப்புறம், ஆங்கிலத்தில் பதில் எழுதுவதானால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘ஃபோர்’ போடுங்கள்: இன்ன இடத்துக்கு, இன்ன நேரத்துக்குப் பொருந்தாதது என்று. வாசிக்கும்போது கடைசியில் ‘யட்’ என்று குறுக்கிச் சொல்லவேண்டும். ‘அப்ரோப்ரியேட்’ என்று நீட்டினால் அது வினைச்சொல்லாகி, ஒன்றைத் தனதாக்கிக்கொள்வது என்ற வேறு பொருளுக்குப் போய்விடும்.

மாமிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். ஆசிரியையைப் பார்க்கும்வரை காத்திருக்காமல், இன்றிரவு சாப்பாட்டுக்கு மகனை அவனுடைய அப்பாவே கூப்பிடட்டும்.