அம்மாவின் மேசைக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: அம்மா பயன்படுத்திய மர டிரஸ்ஸிங் டேபிள் பல வருடங்களாக வீட்டில் சும்மா கிடக்கிறது. கண்ணாடி உடைந்துவிட்டது. மரம் கறுத்துப்போய், மேற்பலகையில் வெள்ளை வட்டங்களும் ஒரு கறுப்பு வட்டமும் இருக்கின்றன. ஒரு கால் ஆடுகிறது, டிராயர் சிக்குகிறது. பின்பக்கம் யாரோ அடித்த பச்சை பெயின்ட் உரிந்து நிற்கிறது. மெஷின் வைத்துத் தேய்த்து, வெள்ளை பெயின்ட் அடித்து, மகளுக்குப் படிக்கும் மேசையாக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: படிக்கும் மேசையாகத் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் மெஷினையும் பெயின்ட் டப்பாவையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதல் வேலை, மேசையைத் துடைப்பது.

மரம் கறுத்துவிட்டது என்கிறீர்கள். பல நேரம் கறுப்பது மரமல்ல. கையின் எண்ணெய்ப்பசை, தூசி, எப்போதோ பூசிய மெழுகு எல்லாம் சேர்ந்து படிந்த அழுக்கு அது. டிராயர் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள், அங்கேதான் அதிகம் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலைந்து சொட்டு விட்டு, துணியை ஒட்டப் பிழிந்து, ஒரு சாண் இடம் மட்டும் துடையுங்கள். ஈரத்தை உடனே உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். பிசுபிசுப்பு போகாவிட்டால் டர்பன்டைன் நனைத்த துணி. அந்த ஒரு சாணைப் பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளை பெயின்ட் ஆசை அங்கேயே விட்டுப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெஷின் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பழைய மேசைகள் பலவற்றில் நாம் ரசிக்கும் ரேகை, அடிப்பலகைமேல் ஒட்டிய வெனீர் என்ற மெல்லிய மர ஏடுதான். பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. எங்கள் வீட்டு மேசையில் நான் மெஷினை ஓட்டியபோது மூலையில் ரேகை மங்கியது. ஏன் என்று யோசிப்பதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய வேறு மரம் வந்துவிட்டது. இன்றும் அந்த அறைக்குள் போனால் என் கண் அந்த மூலையில்தான் நிற்கிறது. அதனால் மேற்பலகையின் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். மெல்லிய தனி அடுக்காக ஒரு கோடு தெரிந்தால் வெனீர். அப்படியானால் 220 எண் உப்புத்தாளைக் கையால், ரேகை ஓடும் திசையிலேயே, லேசாகத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, மேலே பூசியிருப்பது என்ன என்று பாருங்கள். கண்ணில் படாத ஓரிடத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை ஒரு சொட்டு வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்கு பாலிஷ். உங்களுக்கு வேலை பாதியாகக் குறைந்தது! புதிய அரக்கு பழைய அரக்கோடு கரைந்து ஒன்றாகிவிடும் என்பதால் எதையும் சுரண்ட வேண்டியதில்லை. சுத்தம் செய்து, மேலே மெல்லிசாக இரண்டு மூன்று கை பூசினால் போதும். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர் என்ற பூச்சு. இரண்டுக்கும் மசியாவிட்டால் வார்னிஷ் அல்லது பாலியூரிதேனாக இருக்கும்.

வெள்ளை வட்டத்துக்குக் கவலைப்படாதீர்கள். அது பாலிஷுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம், மரத்துக்குள் இறங்கவில்லை. அரக்கு என்றால், ஸ்பிரிட் பட்டும் படாமலும் உள்ள துணியை அதன்மேல் ஒரே வீச்சில் ஓட்டினால் பெரும்பாலும் மறையும். கறுப்பு வட்டம் வேறு விஷயம். இரும்பும் ஈரமும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது, மரத்துக்குள்ளேயே இருக்கும். பாலிஷை எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் அமிலம் போட்டால் வெளுக்கும். ஆனால் அது விஷம், கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் தொடக்கூடாது. நானாக இருந்தால் அந்த வட்டத்தின் மேல் மேசை விளக்கை வைத்துவிடுவேன்.

ஆடும் காலுக்கு ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளக்கும். காலைக் கழற்றிப் பொருத்தில் உள்ள பழைய பசையை முழுதாக எடுங்கள். பழைய பசைமேல் புதுப் பசை பிடிக்காது. விலங்குத் தோலில் காய்ச்சிய அந்தக்காலப் பசையாக இருந்தால் வெந்நீர்த் துணிக்கே இளகிவிடும். காய்ந்தபின் மரப்பசை வைத்து இறுக்கி, 24 மணி நேரம் விடுங்கள். கிளாம்ப் இல்லையா? கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவில் குச்சி செருகி முறுக்கினால் போதும். டிராயர் ஓடும் சட்டத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துப் பாருங்கள். மழைக்காலத்தில் இழைக்க வேண்டாம். வெயில் வந்ததும் மரம் சுருங்கி டிராயர் தொளதொளவென்று ஆகிவிடும்.

அந்தப் பச்சை பெயின்ட்தான் எனக்கு உண்மையிலேயே பயம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதன் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். உலர்வாக உப்புத்தாள் போடவே கூடாது, சூடு காட்டியும் உரிக்காதீர்கள். ஈயத்துக்குச் சோதனை செய்துவிட்டு, இருந்தால் பழக்கமுள்ளவரிடம் விடுங்கள். மகள் அதுவரை பக்கத்தில் வர வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு வெனீர் பல இடங்களில் பெயர்ந்து, மரமும் பார்க்கும்படி இல்லையென்றால் வெள்ளை அடியுங்கள், அதில் தவறே இல்லை. முதலில் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கை பூசிக்கொள்ளுங்கள். மரத்தின் கறை வெள்ளையில் ஊறி வராது. என்றைக்காவது பெயின்ட்டை உரிக்க நினைத்தால் அதுவும் சுலபம்.

மேசையாக மாற்றும்போது எதையும் அறுக்காதீர்கள். மகள் உட்கார்ந்து முழங்கையை மடக்கினால் அது பலகை மட்டத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் மேசைக் காலை வெட்டாமல் நாற்காலியை உயர்த்திக் காலடியில் பலகை போடுங்கள். கண்ணாடிச் சட்டம் பெரும்பாலும் பின்னால் திருகாணியில்தான் நிற்கும். கண்ணாடி இருந்த இடத்தில் மென்பலகை பொருத்தினால் கால அட்டவணை குத்தி வைக்கலாம், பிறகு கண்ணாடியும் திரும்ப வரலாம்.

டிராயரின் உட்புறத்துக்கு மட்டும் எண்ணெயோ வார்னிஷோ வேண்டாம், வாடை போகாது. வெளியே இழுத்ததும் அதன் பின்பலகையைத் திருப்பிப் பாருங்கள். எந்த டிராயர் எந்தப் பக்கம் என்று தச்சர் பென்சிலில் போட்ட குறி பல மேசைகளில் அப்படியே இருக்கும். உங்கள் மேசையிலும் இருந்தால் அந்த இடத்தில் துணி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.