எண்ணூறு அடியில் ஓர் அணுகுண்டு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

எங்கள் ஊர் நூலகத்தில் கோடை விடுமுறையில் ஞாயிறுதோறும் படம் போடுகிறோம். பத்தாவது, பிளஸ் டூ எழுதிவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். இந்த வருடப் பட்டியலில் 'ஆர்மகெடான்' என்று எழுதினேன். 1998இல் வந்த ஹாலிவுட் படம்; பூமியில் மோத வரும் சிறுகோளில் குழி தோண்டி அணுகுண்டு வைக்க எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களை அனுப்புவார்களே, அது. குழுவில் ஒரே சிரிப்பு. "அறிவியல் மன்றம் நடத்துற ஆளு போடுற படமா இது?" என்று கேட்டார்கள். அதே 1998இல் வால்நட்சத்திரம் மோதுவதைப் பற்றி வந்த 'டீப் இம்பாக்ட்' தான் ஒழுங்கான படம், அதைப் போடு என்கிறார்கள்.

நான் இயற்பியல் படித்தவன். படத்தில் உள்ள தப்புகள் தெரியும். ஆனாலும் டிவியில் எப்போது ஓடினாலும் உட்கார்ந்துவிடுகிறேன். என் மாமா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராக வட மாநிலமெல்லாம் சுற்றியவர். அவர் முழுதாகப் பார்க்கும் ஒரே இங்கிலீஷ் படம் இது. "பிட்டு மாட்டிக்கற எடத்த மட்டும் செரியா காட்டீருக்கான்" என்பார். துளையிடும் முனையைத்தான் பிட்டு என்கிறார். நண்பர்களோ "மூளையைக் கழட்டி வெச்சுட்டுப் பாரு" என்கிறார்கள். எனக்கு அப்படிப் பார்க்க வரவில்லை. இத்தனை ஓட்டை தெரிந்தும் ஒரு படம் பிடித்திருப்பது ரசனைக் குறைவா? பட்டியலில் வைக்கவா, எடுத்துவிடவா?

கே., திருச்செங்கோடு

அன்புள்ள கே.,

வையுங்கள். சிரித்தவர்களும் அன்று வந்து முன்வரிசையில் உட்காருவார்கள்.

முதலில் உங்கள் இயற்பியலுக்குச் செய்யவேண்டிய மரியாதையைச் செய்துவிடலாம். படத்தில் பூமியை நோக்கி வரும் சிறுகோள் டெக்சஸ் மாநிலம் அளவு. டெக்சஸ் குறுக்கே சுமார் 1,200 கிலோமீட்டர். சிறுகோள் பட்டையிலேயே மிகப் பெரியதான சீரிஸின் விட்டம் 940 கிலோமீட்டர்தான். அதை பியாஸி என்ற பாதிரியார் 1801 புத்தாண்டு தினத்தன்று பலெர்மோவில் இருந்தபடி, அந்தக் காலத்துத் தொலைநோக்கியால் பார்த்துவிட்டார். அதைவிடப் பெரிய ஒன்று நேராக நம்மை நோக்கி வருகிறது, மோதுவதற்குப் பதினெட்டு நாள் இருக்கும்போதுதான் தெரியவருகிறது என்கிறது படம். உண்மையில் பல நாள் முன்னதாகவே மொட்டைமாடியில் நின்று வெறுங்கண்ணால் பார்த்திருக்கலாம்.

அடுத்தது அந்தக் குழி. எண்ணூறு அடி தோண்டி அணுகுண்டை இறக்கினால் கோள் இரண்டாகப் பிளந்து, பூமிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் போய்விடுமாம். ஆறடி ஆளின் மேல் அரை மில்லிமீட்டர் ஊசியால் குத்திவிட்டு அவன் இரண்டாகப் பிளப்பான் என்று காத்திருப்பதற்கு ஒப்பானது இது. எண்ணூறு அடி உங்கள் பக்கத்தில் தண்ணீர் பார்க்கவே போதாத ஆழம் என்பதை உங்கள் மாமா கவனித்திருப்பார். நாசாவின் விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்) தன் வாழ்நாளில் அறுநூறு கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல் போனதில்லை. இங்கே நிலவைச் சுற்றிவிட்டு வருகிறது. வெற்றிடத்தில் தீ எரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த பிழை வேறு. சிறுகோளில் ஓட்டுவதற்காகக் கொண்டுபோகும் துளையிடும் வண்டியில் இயந்திரத் துப்பாக்கி ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். யாரைச் சுட? படம் கடைசிவரை சொல்வதில்லை. தோண்டுகிறவர்களில் ஒருவராக வரும் ஸ்டீவ் புஷெமிக்குப் புத்தி பேதலித்துச் சுடுவதற்கு ஒரு துப்பாக்கி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மூளையைக் கழற்றி வைத்தவனுக்கு அந்தத் துப்பாக்கியைப் பார்த்துச் சிரிப்பு வராது. அந்த அறிவுரை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. படத்தையும் கேவலப்படுத்தி, பார்ப்பவனையும் கேவலப்படுத்துகிற பேச்சு அது. உங்களுக்கு அப்படிப் பார்க்க வராததில் கவலைப்பட ஒன்றுமில்லை. சீரிஸ் கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைக்கவும் செய்யும். இரண்டும் ஒரே தலைக்குள் நடப்பவைதான். ஒன்றுக்கு ஒன்று வழிவிட வேண்டியதில்லை.

இந்தப் படத்தைக் கிண்டல் செய்ய எல்லோரும் எடுக்கும் கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டவர் படத்தில் நடித்த பென் ஆஃப்லெக்கேதான். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களை விண்வெளி வீரர்களாக்குவதைவிட விண்வெளி வீரர்களுக்குத் தோண்டக் கற்றுக்கொடுப்பது சுலபமில்லையா என்று இயக்குநர் மைக்கேல் பேயிடம் கேட்டதாகவும், வாயை மூடு என்று பதில் வந்ததாகவும் டிவிடியின் விளக்க ஒலித்தடத்தில் சொல்லிச் சிரிக்கிறார். இதற்குப் பிறகு அந்தக் கேள்வி படத்தின் கதையை ஒரேயடியாக முடித்துவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. படத்தில் ஓடத்தை ஓட்டுவது நாசாவின் வீரர்கள்தான். தோண்டுகிறவர்கள் பயணிகளாகப் போகிறார்கள், தங்கள் வேலையைச் செய்கிறார்கள். விண்வெளி ஓடத்தின் காலத்தில் நிஜமாகவே இந்த வழக்கம் இருந்தது. ஒரு குறிப்பிட்ட கருவியை இயக்க அதை நன்றாக அறிந்த வெளியாளுக்குப் பயிற்சி கொடுத்து ஏற்றிச் செல்வார்கள். மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தின் பொறியாளர் சார்லஸ் வாக்கர், நிறுவனத்தின் இயந்திரம் ஒன்றைக் கவனித்துக்கொள்வதற்காக 1984, 85இல் மூன்று முறை போய்வந்தார். படத்தில் பயிற்சிக்குக் கிடைக்கும் பன்னிரண்டு நாள்தான் அபத்தம். யோசனை அபத்தமில்லை.

இதைவிட நல்ல சாட்சி படம் வந்து பன்னிரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது. 2010 ஆகஸ்டில் சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கம் இடிந்து 33 பேர் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் சிக்கினார்கள். அவர்களை வெளியே கொண்டுவர மூன்று இடங்களில் மூன்று விதமாகத் துளையிட்டார்கள். முதலில் போய்ச் சேர்ந்தது இரண்டாவது திட்டம். அந்த ரிக்கை இயக்கிய முக்கியமான டிரில்லர் ஜெஃப் ஹார்ட் என்ற அமெரிக்கர். அப்போது ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைக்குத் தண்ணீர்க் கிணறு போட்டுக்கொண்டிருந்தவரை அங்கிருந்து வரவழைத்தார்கள். இவ்வளவு பொறியாளர்கள் இருக்க, யாருக்காவது சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று ஏன் நினைக்கவில்லை? காலுக்கடியில் வரும் அதிர்வை வைத்தே கீழே என்ன நடக்கிறது என்று தெரியும் என்றார் ஹார்ட். அதைப் பாடமாக எடுக்க முடியாது. வழியில் பழைய சுரங்கத்தின் இரும்பில் மோதி பிட் உடைந்தது, துண்டை மீன் பிடிப்பதுபோல எடுத்தார்கள், மறுபடி இறக்கினார்கள். அங்கே அடித்தது காற்றழுத்தத்தில் இயங்கும் ஹேமர். திருச்செங்கோட்டு வண்டிகளில் இருக்கும் அதே தத்துவம். ஆட்களை மேலே ஏற்றிய கூண்டின் வடிவமைப்புக்கு யோசனை சொன்னவர்களில் நாசாவின் பொறியாளர்களும் உண்டு. நாசாவும் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்களும் சேர்ந்து மனிதர்களைக் காப்பாற்றிய கதை உண்மையில் நடந்தது, திசைதான் கீழ்நோக்கி.

உங்கள் மாமா சொன்ன இடம் படத்தின் மையம் என்பது என் எண்ணம். தோண்டுகிறவர்களின் தலைவராக வரும் ப்ரூஸ் வில்லிஸ் முதல்முறை நாசாவுக்கு வரும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். அங்கே நிற்பது அவர் வடிவமைத்த துளைக்கருவி. அவரைக் கேட்காமல், காப்புரிமையைத் தாண்டி நகலெடுத்திருக்கிறார்கள். அதையும் தப்பாகப் பூட்டியிருக்கிறார்கள். உலகம் அழியப்போகிறது என்று கொஞ்சம் முன்னால்தான் அவரிடம் சொன்னார்கள். மனிதருக்கு ஆத்திரம் வருவது தன் கருவியைத் தப்பாகப் பூட்டியதற்கு. கைவேலை தெரிந்த எவரையும் கேளுங்கள், அந்தக் கோபத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். பிறகு அவர் ஆட்கள் உயிரைப் பணயம் வைப்பதற்குக் கேட்கும் கூலிப் பட்டியல்: வாழ்நாள் முழுக்க வரி கிடையாது, ஏழு மாநிலங்களில் பாக்கி நிற்கும் 56 பார்க்கிங் அபராதங்கள் ரத்து, லாஸ் வேகாஸ் ஓட்டலில் ஒரு வாரம், கென்னடியைக் கொன்றது யார் என்ற தகவல். அரசாங்கத்திடம் எதையாவது கேட்கலாம் என்று ஒருநாள் வாய்த்தால் நம் ஊர் ஆட்களும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் கேட்பார்கள். கோட்டு போட்ட அதிகாரிகள் நிறைந்த அறையில் அதை அவர் தயங்கித் தயங்கி வாசிக்கும்போது நான் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுகிறேன்.

இந்த நியாயமெல்லாம் எனக்குப் பிறகு தோன்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரசித்தது முதலில் நடந்தது. சிலியில் சுரங்கமே இடியாமல் இருந்திருந்தாலும் ரசித்திருப்பேன்.

படத்தின் உண்மையான குறைகள் வேறு, அவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. சிறுகோளில் இறங்கிய பிறகு யார் எங்கே நிற்கிறார், குழி எந்தப் பக்கம், ஓடம் எந்தப் பக்கம் என்று புரியவே புரியாது. ஒரு ஷாட் இரண்டு மூன்று விநாடி நிற்பதற்குள் மைக்கேல் பே வெட்டிவிடுகிறார். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தானே பயம் வரும்? புவியீர்ப்புக் கணக்கை விட்டுவிடலாம், இதை விடமுடியாது. இது சினிமாக்காரனின் சொந்தத் தொழிலில் நேர்ந்த பிழை. ப்ரூஸ் வில்லிஸின் மகளாக வரும் லிவ் டைலருக்கு இரண்டரை மணி நேரத்தில் கண்ணீரோடு திரையைப் பார்த்து நிற்பதைத் தவிர வேலை இல்லை. நியூயார்க் காட்சியில் ஆசியச் சுற்றுலாப் பயணிகளை வைத்துச் செய்யும் நகைச்சுவை அன்றைக்கே மட்டம். பாரிஸ் நகரம் அழிவதை ஒரு துணுக்காகக் கடந்துபோகிறார்கள். தாஜ்மகால் முன்னால் நம்மைக் கூட்டமாக நிறுத்திவைத்து, அமெரிக்கர்கள் ஜெயிக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்.

'டீப் இம்பாக்ட்' இந்த விஷயங்களில் மேலான படம், உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. 1998 மே மாதம் வந்தது, 'ஆர்மகெடான்' ஜூலையில். மிமி லெடர் இயக்கினார். வால்நட்சத்திரங்களைத் தேடுவதிலேயே வாழ்ந்த ஷூமேக்கர் தம்பதியிடம் ஆலோசனை கேட்டு எடுத்தார்கள். வரப்போகும் சாவை மக்கள் எப்படி எதிர்கொள்வார்கள் என்று பொறுமையாகக் காட்டியது, நன்றாகவும் ஓடியது. ஆனாலும் அந்த வருடம் உலகிலேயே அதிகம் வசூலித்தது, சுமார் 55 கோடி டாலருடன், 'ஆர்மகெடான்' தான். கூட்டம் முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். 'டீப் இம்பாக்ட்' படத்தின் மனிதர்கள் நம் மரியாதையைச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் இன்று அவர்கள் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பக்கம், நாசா அதிகாரியாக வரும் பில்லி பாப் தார்ன்டன் காலில் இரும்புப் பட்டை கட்டியிருப்பார். விண்வெளி வீரனாக ஆசைப்பட்டு, கால் விடாததால் தரையிலேயே நின்றுவிட்டவர். அதற்குப் படம் செலவழிப்பது சில விநாடிகள். கடைசியில் அவர் கைக்கு விண்வெளி உடையில் தைத்திருந்த ஒரு சின்னத் துணிச்சின்னம் வந்து சேரும்போது அந்தச் சில விநாடிகள் வேலை செய்கின்றன. அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே இதைச் செய்யத் தெரிந்தவரை நான் முட்டாள் என்று சொல்லமாட்டேன். நல்ல படம் என்றும் சொல்லமாட்டேன். பிடித்த படம்.

ரசனைக் குறைவா என்று கேட்டிருந்தீர்கள். பிடித்ததற்காகவே ஒரு படத்தை மகத்தான படம் என்று வாதாடத் தொடங்கினால்தான் ரசனை கெடும். நீங்கள் அதைச் செய்யவில்லை.

திரையிடலுக்குச் சில யோசனைகள். முடிந்தால் இரண்டு படத்தையும் போடுங்கள், முதல் ஞாயிறு 'டீப் இம்பாக்ட்', அடுத்த ஞாயிறு இது. வரிசையை மாற்றினால் 'டீப் இம்பாக்ட்' தூங்கவைத்துவிடும். தப்புகளைக் கண்டுபிடிக்கும் போட்டி ஒன்றைப் பிள்ளைகளுக்கு வையுங்கள், துப்பாக்கியைக் கண்டுபிடிக்கிறவருக்குத் தனிப் பரிசு கொடுங்கள். படம் முடிந்ததும் சிறுகோளின் பாதையை மாற்றிப் பார்த்த நாசாவின் டார்ட் திட்டம் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள். 2022 செப்டம்பர் 26 அன்று ஆளும் இல்லாமல் குண்டும் இல்லாமல் ஒரு விண்கலம் டைமார்ஃபாஸ் என்ற 160 மீட்டர் கல்லில் போய் மோதியது. தன்னைவிடப் பெரிய இன்னொரு கல்லைச் சுற்றிவர அது எடுத்துக்கொண்டிருந்த 11 மணி 55 நிமிடம் 32 நிமிடம் குறைந்தது. முடிந்தால் உங்கள் மாமாவையும் பேசவிடுங்கள். மாட்டிக்கொண்ட பிட்டை எப்படி எடுப்பார்கள் என்று கேட்கப் பிள்ளைகளுக்கு ஆசை இருக்கும், எனக்கும் இருக்கிறது.

படம் 151 நிமிடம், சாயங்காலம் ஐந்துக்கே தொடங்கிவிடுங்கள். இடைவேளையை ரஷ்ய விண்நிலையம் வெடிக்கிற இடத்தில் விடலாம். அங்கே தனியாக இருந்து கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவராக வரும் பீட்டர் ஸ்டோர்மேரைப் பற்றி மட்டும் முன்கூட்டியே எதுவும் சொல்லிவிடாதீர்கள்.