குழல்வாய் வழியே வெடிமருந்திடும் ரைஃபிளுக்கு எண்ணெய் மட்டும் போதுமா?

1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளில் கரிமருந்து என்ற பழைய வகை வெடிமருந்து போட்டுச் சுட்டபின், குழலுக்கு எண்ணெய் விட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதவே போதாது. கரிமருந்தில் சுமார் முக்கால் பங்கு வெடியுப்பு. எரிந்தபின் குழலில் ஒட்டும் உப்புக் கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, ஓர் இரவிலேயே துருவைக் கிளப்பிவிடும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான்.

முதலில் மருந்து கெட்டிக்கும் கம்பியை உள்ளே விட்டு, குழல் காலியா என்று பாருங்கள். அப்புறம், சுட்ட அன்றே, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றித் தேயுங்கள். முதல் துணி மைபோலக் கறுத்து, அழுகிய முட்டை வாடையோடு வரும். வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். மருந்தைப் பற்றவைக்கும் சிறு கேப்பை மாட்டும் முளையையும் கழற்றிக் கழுவுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே எண்ணெய். மறுநாள் வெள்ளைத் துணி விட்டுப் பார்க்கும்போது பழுப்பு தெரிந்தால், மறுபடி ஆரம்பியுங்கள்.